தட்டிக் கேட்டல்: மீயொலிப் படத்தின் கதை

தமிழ்நாட்டில் எந்த ஊர் ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்தாலும் இரண்டு காட்சிகளைக் காணலாம். ஒன்று, பெஞ்சில் வரிசையாக அமர்ந்து பெரிய பாட்டிலிலிருந்து தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருக்கும் பெண்கள். "முட்டுதாம்மா? இல்லேன்னா இன்னும் கொஞ்சம் குடிச்சிட்டு உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போகும் ஊழியர். மற்றொன்று, சுவரில் மாட்டப்பட்ட பலகை. கருவிலிருக்கும் குழந்தை ஆணா, பெண்ணா என்பது இங்கே சொல்லப்படமாட்டாது, அவ்வாறு சொல்வது சட்டப்படி குற்றம் என்பது அதன் சாரம்.

தண்ணீர் குடிக்கச் சொல்லும் வழக்கத்தின் வேர் 1960களின் ஸ்காட்லாந்தில் இருக்கிறது. பலகையின் வேர் 1990களின் இந்தியாவில். இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு கருவி கடந்து வந்த தூரத்தைச் சொல்ல முயல்வதே இக்கட்டுரை. அக்கருவியை நாம் 'படம் எடுக்கும்' சாதனமாகவே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் அதன் பிறப்பிலும் குணத்திலும் அது கண்ணின் வம்சத்தைச் சேர்ந்ததன்று, காதின் வம்சம்.

*

சந்தையில் மண்பானை வாங்குபவர் அதைத் தூக்கி விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. மொத்தென்று ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ இருக்கிறது. தேங்காய்க்கும் பலாப்பழத்துக்கும் இதே சோதனைதான். உடைத்துப் பார்க்க முடியாத பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய மனிதன் கண்டுபிடித்த மிகப் பழைய வழி, தட்டிவிட்டுக் காது கொடுப்பது.

இதை மருத்துவத்துக்குள் முறையாகக் கொண்டுவந்தவர் ஆஸ்திரிய மருத்துவர் லியோபோல்ட் ஔவன்பிரக்கர். கிராஸ் நகரில் விடுதி நடத்தியவரின் மகன் அவர். பீப்பாயில் மது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தட்டிப் பார்த்து அறியும் வழக்கத்தைச் சிறுவயதில் கண்டிருப்பார் என்று மருத்துவ வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு. நோயாளியின் மார்பைத் தட்டி, எழும் ஒலியைக் கொண்டு உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று அறியும் முறையை 1761-ஆம் ஆண்டு வியன்னாவில் சிறு நூலாக வெளியிட்டார். அந்நூலைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. நெப்போலியனின் மருத்துவரான கோர்விசார் 1808-இல் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகே ஐரோப்பா விழித்துக்கொண்டது. சில ஆண்டுகள் கழித்து, 1816-இல், லென்னெக் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கினார்.

ஆக, மருத்துவர்கள் உடலைத் தட்டவும் கேட்கவும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே கற்றுவிட்டனர். ஆனால் விரல் எழுப்பும் ஒலி முரட்டு ஒலி. அதன் அலைநீளம் மிகப் பெரியது. ஓர் உறுப்பின் நுண்ணிய விளிம்பை அது பொருட்படுத்தாமல் கடந்துவிடும். சின்னஞ்சிறு பொருளிலிருந்து எதிரொலி வேண்டுமானால் அலையும் சின்னஞ்சிறிதாக இருக்கவேண்டும். அதாவது, மனிதச் செவிக்கு எட்டாத உச்சத்தில் அந்த ஒலி இருக்கவேண்டும்.

*

அப்படி ஓர் ஒலி உண்டு என்பதன் முதல் தடயம் ஒரு வௌவால் மூலமாகக் கிடைத்தது. இத்தாலியின் பாவியா நகரில் இயற்கையியல் பேராசிரியராக இருந்த லாஸரோ ஸ்பலன்ஸானி 1793-இல், கும்மிருட்டில் ஆந்தை தடுமாறுவதையும் வௌவால் தடுமாறாமல் பறப்பதையும் கண்டார். பார்வை பறிக்கப்பட்ட வௌவாலும் கம்பிகளில் மோதாமல் பறந்தது. ஜெனீவாவைச் சேர்ந்த மருத்துவர் லூயி ஜூரின் வேறொன்றைச் செய்தார்: வௌவாலின் காதுகளை அடைத்தார். அது கண்டபடி மோதிக் கீழே விழுந்தது. வௌவால் காதால்தான் வழி அறிகிறது என்பதே இதன் பொருள். ஆனால் அது எழுப்பும் ஒலி எதையும் எவரும் கேட்கவில்லையே! அன்றைய பெரும் அறிஞரான குவியே, சிறகின் தொடுவுணர்வே காரணம் என்று தீர்ப்புச் சொல்ல, விஷயம் அத்தோடு புதைந்தது. 1938-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்த டொனால்ட் கிரிஃபின், உயர் அதிர்வெண் ஒலியை உணரும் பியர்ஸின் கருவியின் முன் வௌவால்களைக் கொண்டுபோய் வைத்தபோதுதான் அவை இடைவிடாது கத்திக்கொண்டிருந்தது தெரியவந்தது. கேட்கவில்லை என்பதாலேயே ஒலி இல்லை என்று ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் மனிதர்கள் நம்பியிருந்தனர்.

இதற்கிடையில் வேறு மூவகைச் செய்திகள் சேர்ந்தன. 1826-இல் கொலாடான் என்ற சுவிஸ் இளைஞர் ஜெனீவா ஏரியில் நீருக்கடியில் மணியை அடித்து, அதே கணத்தில் வெடிமருந்தைக் கொளுத்தி, மைல்கணக்கான தூரத்தில் மற்றொரு படகில் நீருக்குள் குழாயை விட்டுக் கேட்டு, நீரில் ஒலியின் வேகம் விநாடிக்கு 1435 மீட்டர் என்று கணித்தார். காற்றில் செல்வதைப் போல் நான்கு மடங்குக்கும் அதிகம். 1880-இல் பாரிஸில் பியர் கியூரியும் அண்ணன் ஜாக் கியூரியும், குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுவதைக் கண்டனர். மின்சாரத்தைச் செலுத்தினால் படிகம் விரிந்து சுருங்கும் என்பது மறுவருடம் தெரிந்தது. ஒரே பொருள் வாயாகவும் காதாகவும் இயங்கக்கூடும் என்பதற்கு அது ஆதாரம். மூன்றாவது செய்தி 1912 ஏப்ரலில் வந்தது, டைட்டானிக் மூழ்கியது. சில வாரங்களுக்குள் லூயிஸ் ரிச்சர்ட்ஸன் என்ற ஆங்கிலேயர் எதிரொலியால் பனிப்பாறையைக் கண்டறியும் முறைக்குக் காப்புரிமை கோரினார்.

மூன்றையும் ஒன்றாகக் கோத்தது முதல் உலகப்போர். ஜெர்மானிய நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்க வழி தேடியவர்களில் முக்கியமானவர் பியர் கியூரியின் மாணவரான பால் லாஞ்செவன். ரஷ்யப் பொறியாளர் ஷிலோவ்ஸ்கியுடன் 1915-இல் வேலையைத் தொடங்கினார். குவார்ட்ஸ் தகடுகளை இரு எஃகுத் தகடுகளுக்கு நடுவே வைத்து, நீருக்குள் செவிக்கெட்டாத ஒலிக்கற்றையைச் செலுத்தி, அதன் எதிரொலியை அதே தகட்டால் வாங்கினார். சோதனைத் தொட்டியில் அந்தக் கற்றையின் பாதையில் சிக்கிய மீன்கள் செத்தன, நீருக்குள் கை விட்டால் வலித்தது என்பதையும் அவர் குறித்தார். மீயொலிக்கும் உயிருக்குமான உறவு குறித்த முதல் பதிவுகளுள் இது ஒன்று. மரணத்தின் பதிவு என்பது கவனிக்கத்தக்கது.

*

போர் ஓய்ந்தபின் அந்த ஒலி, பானையைத் தட்டிப் பார்க்கும் வேலைக்கே திரும்பியது. 1928-இல் லெனின்கிராடில் செர்கெய் ஸோகொலோவ், உலோகத்துக்குள் ஒலியைச் செலுத்தி உட்பொதிந்த விரிசலைக் கண்டறியலாம் என்றார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃப்ளாய்ட் ஃபயர்ஸ்டோன், எதிரொலி வந்துசேரும் நேரத்தை ஆஸிலாஸ்கோப் திரையில் முள்முனையாகக் காட்டும் கருவிக்கு 1940-இல் காப்புரிமை கோரினார். கொதிகலன், கப்பல் தகடு, ரயில் சக்கரம் என எல்லாவற்றையும் உடைக்காமல் தட்டிப் பார்க்கலாயிற்று.

இதை மனித உடலுக்குக் கொண்டுவந்த முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. ஆஸ்திரிய நரம்பியல் மருத்துவர் கார்ல் டுஸிக் எதிரொலியை நாடவில்லை. எக்ஸ் கதிரைப்போல ஒலியை மண்டையின் ஒரு பக்கம் செலுத்தி மறுபக்கம் வாங்கிப் படமாக்கினார். 1942-இல் அவர் வெளியிட்ட படங்களில் மூளையின் உள்ளறைகள் தெரிந்ததாக நம்பப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் சோதித்தவர்கள், தெரிந்தது மூளையல்ல, மண்டையோட்டின் தடிமன் வேறுபாடுகள் மட்டுமே என்று காட்டினர். தான் காண விரும்பியதையே ஒரு நேர்மையான மருத்துவர் படத்தில் கண்டுவிட்டார். இந்த ஆபத்து அன்றோடு தீர்ந்துவிடவில்லை.

அடுத்து வந்தவர்கள் போர்க்களத்தின் பழைய இரும்பைத் திருப்பிப் பயன்படுத்தியவர்கள். லண்டன் குண்டுவீச்சில் குடல் வீங்கியவர்களுக்கு மருத்துவம் பார்த்த ஜான் வைல்ட் அமெரிக்காவின் மினியாபொலிஸுக்குச் சென்றார். ரேடார் பயில விமானிகளுக்காக அமைக்கப்பட்டிருந்த மீயொலிப் பயிற்சிக் கருவியைக் கொண்டு குடற்சுவரின் தடிமனை அளந்தார். பின்னர் பொறியாளர் ஜான் ரீடுடன் சேர்ந்து 1952-இல் மார்பகக் கட்டிகளின் எதிரொலிப் படங்களை வெளியிட்டார். டென்வரில் டக்ளஸ் ஹௌரி, பி-29 குண்டுவீச்சு விமானத்தின் துப்பாக்கி மேடையில் இருந்த வளையத்தைத் தண்ணீர்த் தொட்டியில் பொருத்தி, அதன் மேல் ஒலிமுனையைச் சுழலவிட்டார். படங்கள் தெளிவாக இருந்தன. ஆனால் நோயாளி கழுத்தளவுத் தண்ணீரில் அசையாமல் உட்காரவேண்டும். உண்மையிலேயே நோயுற்றவரால் அது இயலுமா? ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் கருவியை இரவல் வாங்கிச் சோதித்தனர். 1953 அக்டோபரில் துடிக்கும் இதயத்தின் அசைவைப் பதிவுசெய்தனர். ஒலியதிர்வை நாம் அளக்கும் 'ஹெர்ட்ஸ்' அலகு யார் பெயரால் வழங்குகிறதோ, அந்த ஹைன்ரிஹ் ஹெர்ட்ஸின் குடும்பத்தில் வந்தவர்தான் இந்த ஹெர்ட்ஸ்.

*

கிளாஸ்கோவின் கதையைச் சற்று நின்று சொல்லவேண்டும்.

இயன் டொனால்ட் 1910-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தவர். போரில் விமானப்படை மருத்துவராகப் பணியாற்றினார். எரியும் விமானத்துக்குள் புகுந்து வீரர்களை மீட்டதற்காக விருது பெற்றார். ரேடாரையும் சோனாரையும் அங்கேதான் அறிந்தார். மகப்பேறு மருத்துவரான அவருக்கு இயந்திரங்களின் மீது தீராத மோகம். பிறந்தவுடன் மூச்சுத் திணறும் சிசுக்களுக்கான சுவாசக் கருவிகளை லண்டனில் இருந்தபோதே செய்துபார்த்தவர். 1954-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியரானார்.

கிளாஸ்கோ அன்று கப்பல்களும் கொதிகலன்களும் செய்யும் ஊர். அருகிலிருந்த ரென்ஃப்ரூவில் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற கொதிகலன் தொழிற்சாலை இருந்தது. பற்றவைத்த இணைப்புகளில் பழுதிருக்கிறதா என்று அங்கே மீயொலியால் சோதித்தார்கள். 1955 ஜூலை 21 அன்று டொனால்ட் அங்கே போனார். அறுவை சிகிச்சையில் எடுத்த கருப்பை நார்க்கட்டிகளும் சினைப்பை நீர்க்கட்டிகளும் இரண்டு கார்களின் பின்பெட்டிகளில் அவருடன் சென்றன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தொழிற்சாலைக்காரர்கள் பெரிய மாட்டிறைச்சித் துண்டம் ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். மருத்துவ வரலாற்றின் ஒரு திருப்பம் கொதிகலன் கூடத்தில், இறைச்சிக் கடைச் சரக்கின் அருகே நிகழ்ந்தது.

திரையில் டொனால்ட் கண்டது எளிமையானது. நார்க்கட்டி திடப்பொருள். அதனுள் இழைகளும் அடுக்குகளும் உண்டு. ஒவ்வோர் அடுக்கும் ஒலியில் சிறிதளவைத் திருப்பி அனுப்பும், மீதியை உள்ளே விடும். ஆழம் செல்லச் செல்ல ஒலி தேய்ந்து மறையும். நீர்க்கட்டியில் அப்படியில்லை. முன்சுவரில் ஓர் எதிரொலி. பிறகு நெடிய மௌனம். பின்சுவரில் மீண்டும் ஓர் எதிரொலி. நடுவில் தெளிந்த நீர் மட்டுமே இருப்பதால் ஒலியைத் திருப்ப அங்கே ஏதுமில்லை. திடத்தையும் திரவத்தையும் கத்தியின்றிப் பிரித்தறிய இது போதும்.

தாம் இரவல் வாங்கி வைத்திருந்த பழைய பழுதறி கருவியோடு டொனால்ட் போராடிக்கொண்டிருந்தபோது, 1956-இன் பிற்பகுதியில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் டாம் பிரவுன். கெல்வின் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தின் இளம் பொறியாளர், இருபத்துமூன்று வயதுக்காரர். உலோகப் பழுதறியும் கருவியை ஒரு பேராசிரியர் மனிதர்கள் மேல் வைத்துப் பார்க்கிறாராம் என்று சக ஊழியர் சொல்லக் கேட்டு, தொலைபேசிப் புத்தகத்தில் எண்ணைத் தேடி அழைத்தார். வந்து பார்த்தவர், இக்கருவி இந்த வேலைக்கு உதவாது என்று சொல்லி நல்ல கருவியை ஏற்பாடு செய்தார். மருத்துவர் ஜான் மக்விகரும் சேர, மூவர் குழு அமைந்தது. தண்ணீர்த் தொட்டியை அவர்கள் விட்டொழித்தனர். நோயாளி கட்டிலில் படுத்திருக்க, வயிற்றில் ஆலிவ் எண்ணெயைத் தடவி ஒலிமுனையை நேரடியாகத் தோலின் மேல் நகர்த்தினார்கள்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தார். வயிறு பெரிதும் வீங்கியிருந்தது. இரைப்பையில் முற்றிய புற்றுநோய், அதனால் வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மூத்த மருத்துவர்கள் முடிவு கட்டியிருந்தனர். டொனால்டின் குழு ஒலிமுனையை வயிற்றின் மேல் வைத்தது. வயிற்றறையில் நீர் கோத்திருந்தால் காற்றடைத்த குடல் மிதந்து முன்பக்கம் வரும்; எதிரொலிகள் அருகிலேயே குமுறும். இங்கே மௌனம். ஆழத்தில், மிக ஆழத்தில், ஒரே ஒரு தெளிந்த பின்சுவர். அது பிரம்மாண்டமான சினைப்பை நீர்க்கட்டி. டொனால்ட் அறுவை செய்து அதை அகற்றினார். புற்றுநோய் இல்லை. இறந்துகொண்டிருப்பதாகக் கருதப்பட்டவர் குணமடைந்தார். இதற்குப்பின் இனித் திரும்பிப் போக வழியில்லை என்ற பொருள்பட டொனால்ட் பிற்பாடு எழுதினார். 1958 ஜூன் 7 அன்று லான்செட் இதழில் மூவர் பெயரிலும் கட்டுரை வெளியாயிற்று.

இச்சம்பவத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது, அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது ஒரு 'படம்' அல்ல என்பதே. அன்றைய திரையில் படம் என்று சொல்லத்தக்க ஏதும் பெரிதாக இல்லை. ஓர் இடத்தில் ஒலி திரும்பி வரவில்லை. அந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்று கேட்க ஒருவர் இருந்தார். அவ்வளவுதான்.

*

கருவியின் அடிப்படை அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை. நம் செவி விநாடிக்கு இருபது முதல் இருபதாயிரம் அதிர்வுகள் வரை கேட்கும். ஸ்கேன் கருவியின் 'ப்ரோப்' எழுப்புவது பொதுவாக இருபது இலட்சம் முதல் ஒன்றரைக் கோடி அதிர்வுகள், அதாவது 2 முதல் 15 மெகாஹெர்ட்ஸ். அதிர்வு கூடக்கூட அலை சிறுக்கும், விவரம் கூடும். ஆனால் ஒலி விரைவில் தேய்ந்துபோகும். எனவே வயிற்றின் ஆழத்துக்கு 3 மெகாஹெர்ட்ஸ் அளவிலான ஒலி, கழுத்திலுள்ள தைராய்டுக்கு 10-க்கும் மேல். ஒன்றைப் பெற மற்றொன்றை இழந்தாக வேண்டும்.

ப்ரோப்பின் முனையில் கியூரிகள் கண்ட அதே குணம் கொண்ட பொருள்தான். குவார்ட்ஸுக்குப் பதிலாக ஈயமும் ஸிர்கோனியமும் டைட்டானியமும் கலந்த பீங்கான் அந்த இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. பழைய ப்ரோப்பில் ஒரே வில்லை. இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட நுண்வில்லைகள் வரிசையாக அமைந்து முறைவைத்துத் துடிக்கின்றன. தோலில் தடவும் ஜெல்லி, டொனால்டின் ஆலிவ் எண்ணெயின் வாரிசு. ப்ரோப்புக்கும் தோலுக்கும் இடையே மயிரிழை அளவு காற்று இருந்தாலும் ஒலியில் ஏறக்குறைய முழுவதும் அங்கேயே திரும்பிவிடும் என்பதால் அந்தக் குளிர்ந்த பசை அவசியமாகிறது. குடல்வாயு உள்ள இடம் தெரியாமல் போவதும் இதனால்தான். கல்லும் எலும்பும் ஒலியை மறித்துப் பின்னால் கரிய நிழலை விழச்செய்யும். பித்தப்பைக் கல்லை அதன் நிழலைக் கொண்டே உறுதிசெய்கிறார்கள்.

உடலின் மென்திசுக்களில் ஒலியின் சராசரி வேகம் விநாடிக்கு 1540 மீட்டர். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் ஜார்ஜ் லுட்விக் 1940களின் இறுதியில் அளந்தது இது. எதிரொலி திரும்ப ஆகும் நேரத்தை இந்த எண்ணால் பெருக்கிப் பாதியாக்கினால் ஆழம் கிடைக்கும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்வர ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் பதின்மூன்று பங்கு. பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்தைக் கேட்டுமுடிக்க அதேபோல் ஏறக்குறைய இருநூறு பங்கு நேரம் வேண்டும். இதில் கருவி ஒலி எழுப்புவது ஒரு பங்கு அளவே. மிச்சம் முழுவதும் அது வாய்மூடிக் காத்திருக்கிறது. ஒரு சொல் சொல்லி இருநூறு சொல் நேரம் செவிமடுக்கும் இயந்திரம் இது. விநாடிக்குச் சுமார் ஐயாயிரம் முறை இப்படிக் கேட்டு, வலிய எதிரொலியை வெண்மையாகவும் மௌனத்தைக் கருமையாகவும் எழுதிக் கோடுகோடாக அடுக்கும்போது, நாம் 'படம்' என்றழைப்பது திரையில் உருவாகிறது.

*

டொனால்ட் பெண் மருத்துவத்தில் இருந்ததால் கருவியின் பார்வை இயல்பாகவே கருப்பையை நோக்கித் திரும்பியது. சிசுவின் மண்டையோடு தெளிவான எதிரொலி தருவதை 1959-இல் கண்டார்கள். காலமும் கனிந்திருந்தது. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் எக்ஸ் கதிர்ப் படங்களுக்கும் அக்குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் வரும் புற்றுநோய்க்கும் தொடர்பிருப்பதை ஆக்ஸ்ஃபோர்டின் ஆலிஸ் ஸ்டீவர்ட் 1956-லும் 1958-லும் எழுதியிருந்தார். சிசுவுக்குத் தீங்கிழைக்காத வழி ஒன்று தேவைப்பட்டது.

1963-இல் மக்விகரும் டொனால்டும் கர்ப்பத்தின் தொடக்க வாரங்களைக் காணும் உத்தியை வெளியிட்டனர். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது குடலை அப்பால் தள்ளி, ஒலி தடையின்றிச் செல்ல நீர்ச்சன்னல் ஒன்றைத் திறக்கிறது. இடுப்பெலும்புக் குழிக்குள் மறைந்திருக்கும் சின்னஞ்சிறு கருப்பை தெரிகிறது. ஸ்கேன் சென்டர் பெஞ்சில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் நம் ஊர்ப் பெண் அறியாமலே கிளாஸ்கோவின் அந்த உத்தியைப் பின்பற்றுகிறார். 1965-இல் ஜெர்மனியின் ஸீமன்ஸ் நிறுவனம் அசைவைக் காட்டும் கருவியைக் கொண்டுவந்தது. 1970களில் சாம்பல் நிறப் படிநிலைகளும் வில்லை வரிசைகளும் வந்தன. திரையில் சிசு கை அசைத்தது. கருக்குழாயில் தங்கிவிட்ட கரு, கீழிறங்கிய நஞ்சுக்கொடி, இரட்டைக் கரு என, முன்பு பிரசவ வேளையில் திடுக்கிட வைத்தவை முன்கூட்டியே தெரிந்தன. இதனால் உயிர் பிழைத்த தாய்மார்களைக் கணக்கிட இயலாது.

டொனால்ட் ஆழ்ந்த மதநம்பிக்கை உள்ளவர். பிரிட்டனின் 1967-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். தம் கருவி காட்டிய சிசுவின் உருவையே வாதமாக முன்வைத்தார். சிசுவைக் கண்ணால் கண்டால் மனிதர் மனம் இளகும் என்பது அவர் நம்பிக்கை. அச்சட்டம் குறித்து அவரோடு உடன்படாதோர் பலர் உண்டு. அந்த விவாதம் இங்கே நம் பொருளல்ல. ஆனால் காண்பது மனதை இளக்கும் என்ற அந்த நம்பிக்கை பொதுவிதி அல்ல என்பதற்கான சான்று, அவர் 1987-இல் மறையும் முன்பே, இந்தியாவில் திரண்டுகொண்டிருந்தது.

*

இந்தியாவில் கருவின் பாலினம் அறிய முதலில் பயன்பட்டது பனிக்குட நீர்ச் சோதனை. அதற்கு ஊசி வேண்டும், ஆய்வகம் வேண்டும், காத்திருப்பு வேண்டும். ஸ்கேனுக்கு இவை எதுவும் வேண்டாம். வலியில்லை, கதிர்வீச்சில்லை, செலவும் குறைவு. எந்தக் குணங்கள் அதைக் கருணையின் கருவியாக்கினவோ, அதே குணங்கள் அதை ஊர் ஊராகப் பரவச் செய்தன. இன்று சில நூறு ரூபாய் செலவழித்தால் நாளை வரதட்சணையில் பல்லாயிரம் மிச்சம் என்ற தொனியில் விளம்பரங்கள் வந்த காலம் அது. 1988-இல் மகாராஷ்டிரம் முதலில் சட்டம் இயற்றியது. 1994-இல் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவர, 1996 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆயினும் சட்டம் உறங்கியது. ஸாபு ஜார்ஜும் இரண்டு சமூக அமைப்புகளும் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். கருவிகளை யார் யாருக்கு விற்றீர்கள் என்ற பட்டியலைக் கொடுக்குமாறு 2001-இல் தயாரிப்பாளர்களுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. 2003 பிப்ரவரியில் திருத்தப்பட்ட சட்டம் வந்தது.

எண்கள் இரக்கமற்றவை. ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இந்தியாவில் 1991-இல் 945 பெண் குழந்தைகள், 2001-இல் 927. 2011 கணக்கெடுப்பில் அது மேலும் சரிந்தது. தமிழ்நாட்டில் 948, 942, 943 என்று ஏறத்தாழ அதே இடத்தில் நின்றது. நாம் பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. உசிலம்பட்டி வட்டாரத்தின் கள்ளிப்பாலையும், 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்ததையும் நாம் மறந்துவிடவில்லை. அந்தக் கொடுமைக்கு இயந்திரம் தேவைப்பட்டிருக்கவில்லை. இயந்திரம் செய்ததெல்லாம், பிறந்தபின் நடந்ததைப் பிறக்குமுன் நடக்கவைத்து, கை நடுங்கும் அந்தக் கணத்தை இல்லாமலாக்கியதுதான்.

சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, கருவின் பாலினத்தைச் சொல்லாலோ, சைகையாலோ, வேறெந்த விதத்தாலோ எவருக்கும் தெரிவிக்கலாகாது என்கிறது. 'சைகை' என்ற சொல் அங்கே வரவேண்டியிருந்ததைப் பற்றி யோசித்துப் பார்க்கலாம். வாய் திறவாமலேயே சேதி சொல்லும் வழிகளை மருத்துவர்கள் சிலர் கண்டுபிடித்துவிட்டதாலேயே சட்டம் சைகைக்கும் தடை போடவேண்டியிருந்தது. கிளாஸ்கோவில் ஓர் உடலுக்குள் கேட்ட மௌனம் ஒரு பெண்ணைக் காப்பாற்றியது. இங்கே, பெண்ணைக் காப்பாற்ற மருத்துவரின் வாயில் மௌனத்தைச் சட்டம் போட்டு வைக்கவேண்டியிருக்கிறது.

தமிழில் 'தட்டிக் கேட்பது' என்பதற்கு அநியாயத்தைக் கண்டு சும்மா இராமல் எதிர்த்துக் கேட்பது என்ற பொருளே வழக்கிலிருக்கிறது. ஔவன்பிரக்கரும் டொனால்டும் செய்தது அச்சொல்லின் நேர்ப்பொருளில்: தட்டினார்கள், கேட்டார்கள். வழக்குத் தொடுத்தவர்கள் செய்தது மற்றப் பொருளில். ஸ்கேன் சென்டரின் சுவரில் தொங்கும் பலகை அவர்கள் பெற்றுத் தந்தது. உள்ளேயிருந்து பெயர் அழைக்கப்படுகிறது. தண்ணீர் பாட்டிலைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு ஒருவர் எழுந்து, அந்தப் பலகையைக் கடந்து, உள்ளே போகிறார்.